நாரை தங்கிய பதினோரு நாள்

அன்புள்ள அப்பாவுக்கு மகள் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நலம். சதுப்பில் வழுக்கி விழுந்ததில் காலில் லேசான சுளுக்கு, அவ்வளவுதான். நன்றாகவே நடக்கிறேன்.

அப்பா, நாங்கள் ஜெயித்துவிட்டோம்! நாரைகள் வலசை போகும் வழியில் மூன்று நாடுகளில் உள்ள சதுப்பு நிலங்களை ஒரே பாதுகாப்பின் கீழ் கொண்டுவர நாலு வருடமாகப் பாடுபட்டோமே, நேற்று அதற்குக் கையெழுத்தாகிவிட்டது.

நடுவில் உள்ள நாட்டின் அதிகாரி கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. "எங்க சதுப்புல நாரை தங்குறதே இல்லையே, அதை ஏன் சேர்க்கணும்?" என்றார். வரைபடம் போடுகிற நான் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கிற ஆளே இல்லை. எப்படியோ எழுந்துவிட்டேன். நாங்கள் கருவி பொருத்திவிட்ட நாரை ஒன்று பறந்த வழியைத் திரையில் காட்டினேன்.

"சார், இது உங்க சதுப்புல பதினோரு நாள் தங்கியிருக்கு. அங்க இரை கிடைக்கலன்னா கடலைத் தாண்டியிருக்காது."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பேனா குடுங்க" என்றார். கைதட்டலில் என் காதே அடைத்துவிட்டது!

அறைக்கு வந்து கதவைத் திறந்தால், சொல்வதற்கு ஆளில்லை. என் பழைய போர்வையை அனுப்புங்கள், புதிது வேண்டாம். அம்மாவைக் கைப்பட நாலு வரி எழுதச் சொல்லுங்கள், திட்டி எழுதினாலும் சரி.

கீழே வண்டி ஹாரன் அடிக்கிறது. அந்த அதிகாரிக்கு நாரையை நேரில் பார்க்க வேண்டுமாம், நான்தான் காட்ட வேண்டுமாம். ஓடுகிறேன்.

உங்கள் மகள்