தழும்பில்லாத கைகள்

ஐப்பசி 6, திங்கள்.
விடிய விடிய மழை. மலாக்கா சுகாதார ஆபீசிலிருந்து கடிதம். தெங்கேரா கோயில் தெருவில் ஒரு வீட்டில் பெரியம்மை. தோட்டத்தில் எந்தக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு முதலில் அம்மை குத்த வேண்டும், உடனே பட்டியல் வேண்டுமாம். இதற்கு யோசனை வேறா? இந்தத் தோட்டத்துக்குப் புதிது என்றாலும், தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டிரெசராக மருந்து கட்டிய இத்தனை வருஷத்தில் தெரியாதா? நாற்காலியை விட்டு எழாமலே எழுதினேன். 1. கடைசி லயம். 2. நடு லயம். கூலிக்காரரின் வரிசை வீடுகள்; சேறு, கள், வேப்பிலை. ஊசியைக் கண்டால் ரப்பர் காட்டுக்குள் ஓடி ஒளிகிற கூட்டம். கணக்கெழுதும் கிராணிமாரின் குவார்ட்டர்ஸ் எழுதவில்லை. படித்தவர்கள்.

7, செவ்வாய்.
கடைசி லயம். துரத்திப் பிடிக்க இரண்டு ஆள் கூட்டிப் போனேன். பார்த்தால் வரிசையாக நிற்கிறார்கள்! ஏறக்குறைய எல்லாக் கையிலும் அம்மை குத்திய தழும்பு. கைக்குழந்தைகள்தான் பாக்கி. பால் வெட்டும் அஞ்சலை, சரியான வாயாடி, தன் சளிமூக்குப் பிள்ளையை முன்னே தள்ளினாள்.
"போன டிரெசரு குத்துனாருங்க. எங்கக்கா புள்ள ஊர்ல அம்மையில போயிருச்சு. குத்தாம விடுவமா?"
எனக்கு எரிச்சல். பட்டியல் வீண்.

8, புதன்.
பாசாரில் மீன் இல்லை. குடை ஓட்டை.
குவார்ட்டர்ஸ். பெரிய கிராணியின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் வழவழவென்று கை. அவர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தார்.
"எங்கட பிள்ளையளுக்கு ஏன்? நாங்கள் என்ன லயத்திலயோ இருக்கிறம்?"
இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிற வீடு! மடச் சனம். அடுத்த வீடும் அப்படியே. பட்டியலைக் கிழித்தேன். 1. கிராணிமார் குவார்ட்டர்ஸ்.

அதற்கடுத்த வீடு என் வீடு. மகளுக்கு இரண்டு வயது. குத்தவில்லை. "பொம்பிளைப் பிள்ளையெல்லே, கையில தழும்பு வேண்டாமப்பா, பிறகு பாப்பம்" என்றாள் மனைவி. அன்று நானும் தலையாட்டினேன். ஊருக்கெல்லாம் குத்துகிறவன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?
போன ஞாயிறு தெங்கேராவில் கலியாண வீடு. மனைவி மகளையும் கூட்டிப் போனாள். எந்தத் தெரு என்று கேட்டேன்.
"கோயில் தெரு. ஏன்?"

9, வியாழன்.
கடைசி லயத்துக் கொட்டகை. கைக்குழந்தைகளுக்கு இங்கேதான் குத்துகிறேன்; மகளையும் தூக்கி வந்து மடியில் வைத்தேன். கத்துகிறாள். ஒரு கையில் ஊசி, மறு கையில் அவள்; திமிறுகிறாள். எல்லோரும் பார்க்கிறார்கள். அஞ்சலை முன்னால் வந்தாள்.
"பாப்பாவ எங்கிட்டக் குடுங்கய்யா. நான் பிடிச்சிக்கிறேன். பதறாமக் குத்துங்க."
கொடுத்தேன். குத்தினேன்.

10, வெள்ளி.
வெயில். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. அம்மை என்றால் தெரிய இன்னும் ஒரு வாரம் போகும். மறுபடி தொட்டுப் பார்த்தேன்.