ரப்பர் பேண்ட் போடாத டப்பா

செவ்வாய்க்கிழமை, இரவு

சோத்து டப்பாவுக்கு ரப்பர் பேண்ட் போட மறந்துட்டேன். நான் செஞ்ச குத்தம் அவ்வளவுதான். சார்டின் மீன் போட்ட மிளகாச் சம்பல் என் வீட்டுக்காரர் பையில கொட்டி, பாஸ்போர்ட் ஊறிப்போச்சு. தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்ட்டு வர்றவரை இமிகிரேஷன்ல திருப்பி அனுப்பிட்டாங்க. வந்ததும் மிச்சச் சம்பலோட அந்த டப்பாவாலயே என் மூஞ்சில அடிச்சாரு. புருவம் கிழிஞ்சிடுச்சு. ரத்தத்தைவிடச் சம்பல்தான் கண்ணுல எரிஞ்சது.

பதினாலு வயசு மக அழவே இல்ல. தரையைத் துடைச்சா, டப்பாவைக் கழுவிக் கவுத்து வச்சா. "இனிமே அப்பாவுக்கு நான் சோறு கட்டுறேம்மா. நீ போய்ப் படு லா"ன்னா.

அவ சொன்ன விதம் எனக்குப் பிடிக்கல. அடுப்படியில இருந்த எலி மருந்தை எடுத்து என் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன்.

கை அங்கேயே போகுது. பக்கத்துல அவன் குறட்டை விடுறான்.