நான்கு காற்றுத் துளைகள்

13.10.86, திங்கள்

மூடுபனி. வீட்டுக்காரி பின்பக்கம் கட்டும் புது அறைக்கு நிலம் வெட்டுகிறோம், இவரும் நானும். டீட்டிகோன் ஊரில் பார்க்கும் வேலையில் இவருக்கு ஒரு கிழமை லீவு. புல், வேர், கறுத்த மேல்மண், எல்லாம் போகவேண்டும். மேலே மரத்தரை. கீழே அழுகக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. தச்சரின் உத்தரவு.

வீட்டுக்காரி சொன்னது: "பனி கொட்டுமுன் பலகை அடித்துவிட்டால் அறை உங்களுக்கு. தவறினால் வசந்தத்தில்தான்."

இரண்டு வருடமாக இவள் வீட்டு நிலவறையில்தான் குடியிருக்கிறோம். யன்னல் ஒரு சாண், கூரையோடு ஒட்டி. தெரிவது: சப்பாத்துகள், நாயின் கால்கள், பிறகு பனி. இன்னொரு குளிர்காலம் என்னால் முடியாது. இவரிடம் சொல்லவில்லை.

இவர்: "ரீச்சர், வேர் பிடுங்கிறதிலையும் உமக்கொரு பட்டம் குடுக்கலாம்."

"தாவரவியலிலை எடுத்ததே பெட்டிக்குள்ளை கிடக்கு."

சிரித்தோம். முதுகு பிடித்துக்கொண்டது.

17.10

சல்லிக்கல் பரப்பி இடித்தாயிற்று. மேலே மெல்லிய கொங்கிறீற்று. உள்ளங்கை முழுக்க வெடிப்பு. வாங்க: பூண்டு, கை கிறீம், முத்திரை.

23.10

தச்சர் குறுக்கு மரங்களை ஏற்றி, மழைக்குத் தார்ப் படங்கால் மூடிவிட்டுப் போனார். பலகை அடுத்த வெள்ளி. இவர் வேலையில். நான் மட்டும்.

அடிச்சுவரில் நான்கு துளைகள், முஷ்டி அளவு. கை வைத்தேன். கத்திபோல் காற்று. இதற்கு மேலேயா படுப்பது? கதவிடுக்குக்கூட அடைக்கிற ஊர். தச்சர் மறந்திருப்பார்.

பழைய நீலச் சேலையை நாலாகக் கிழித்து, உள்ளே தள்ளி இறுக்கி அடைத்தேன். இவருக்குச் சொல்லவில்லை. புது அறையில் படுத்துச் சூடாயிருக்கும்போது சொல்லலாம்.

31.10, வெள்ளி

தச்சர் படங்கைத் தூக்கினார். மரங்களின் அடியெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம், பஞ்சு மாதிரி. குனிந்து துளைக்குள்ளிருந்து துணியை இழுத்தார். ஒன்று. இரண்டு. நாலும்.

"கொங்கிறீற்று ஈரம் போகத்தானே துளை! யார் செய்தது?"

இவர் துணியைப் பார்த்தார். ஊரில் இருந்தபோது சுன்னாகத்தில் அந்தச் சேலையை வாங்கித் தந்தவர்.

"நான்தான்" என்றார், ஜெர்மனில்.

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மரங்களைக் கழற்றிக் காயவிடவேண்டும். தச்சருக்குத் திங்கள் முதல் சூக் நகரில் வேறு வேலை. மார்ச்சில் வருவாராம். வீட்டுக்காரி தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள்.

பூஞ்சணம் வளரத் தேவையானவை: ஈரம், இருட்டு, அசையாத காற்று. பத்து வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்.

1.11

முதல் பனி. இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், ஏசியாவது இருக்கலாம்.

காலையில் நாலு துண்டையும் தானே தோய்த்தார்.

"இஞ்சாருங்கோ, அதை எறியுங்கோ."

"நல்ல துணியெல்லே. கிடக்கட்டும்."

நிலவறை யன்னலை மறைத்துக் கயிறு கட்டி விரித்துவிட்டு வேலைக்குப் போனார். அங்கேதான் கொஞ்சம் காற்று. பகல் பத்து மணி. விளக்கைப் போட்டு எழுதுகிறேன்.