கோயில் பொங்கலில் பால் திரிந்தது

சேசு மரி சூசை

மொரப்பூர் வழி,
21-1-1986

அன்பு மகன் சவரிக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்கால் வலியையும் என் மானத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் இங்கு எல்லோரும் சுகம், நாக்பூர்க் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். பேக்டரி வேலையை விட்டுவிட்டு வந்து நம் கிணற்றை நம்பி மூன்று ஏக்கரிலும் தக்காளி போடட்டுமா என்று கேட்டிருந்தாய், அதற்குப் பதில் பின்னால் வருகிறது, முதலில் நான் அசிங்கப்பட்டதைக் கேள். கோயில் வாசல் பொங்கலுக்கு முதல் குடம் தண்ணீர் நம் கிணற்றிலிருந்துதான் போகவேண்டும் என்பது உனக்குத் தெரியும். தண்ணி வாடை அடிக்குதுங்க, இந்த வருசம் வேணாங்க என்று உன் அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. பொடி போட்டுப் போட்டு என் மூக்கு முகத்துக்கு அழகாக மட்டும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு குடத்தைத் தோளில் வைத்துப் போனேன். பானையில் ஊற்றிப் பாலையும் விட்டு, பொங்கும் என்று ஊரே சுற்றி நிற்கும்போது பால் கட்டி கட்டியாகத் திரிந்துபோயிற்று. உபதேசியார் ஸ்தனிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். எதிர்வீட்டு வேளாங்கண்ணி, ஏனுங்க மாமா, தண்ணின்னு சொல்லி மோரை மொண்டாந்துட்டீங்களா என்று கேட்டாள் பார், சாமியாரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

எல்லாம் நம் மேட்டுக்கு அந்தப்பக்கம் வந்த சேகோ மில்லின் வேலை. ஜவ்வரிசிக்குக் கிழங்கு அரைத்த புளிச்ச தண்ணியை ஓடையில் விடுகிறார்கள், அது ஊறி ஊறி நம் கிணற்றுக்கு வந்துவிட்டது. ஆனாலும் மில்லை வாய் நிறையத் திட்ட முடியவில்லை சவரி, அதுதான் கஷ்டம். அது வந்த பிறகுதான் ஊருக்கு பஸ் வந்தது, கிழங்கு வாசலிலேயே விலை போகிறது, கரண்டு கம்பம் நம் தெருவரை வந்துவிட்டது. உன் தங்கை ராஜமேரி அங்கே களத்தில் ஜவ்வரிசி காயப்போட்டுச் சம்பாதித்துக் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டியிருக்கிறாள், மணி கேட்டால் மட்டும் சொல்லமாட்டாள், கையை நீட்டிக் காட்டுவாள்.

பொங்கலுக்கு மறுநாள் மேனேஜரிடம் சண்டை பிடிக்கத்தான் போனேன். பெரியவரே உட்காருங்க என்று நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார், அந்தத் தண்ணிக்குத் தொட்டி கட்டிடலாம், கொஞ்சம் பொறுங்க என்றார், உங்க பொண்ணு நல்லா வேலை செய்யுது என்றும் சொன்னார். சண்டைக்குப் போனவன் டீ நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். தாசில்தாருக்கு எழுதிப்போடலாமா என்று ராத்திரிச் சோற்றின்போது கேட்டேன். மில்லை மூடிட்டா நான் மறுபடியும் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போவட்டுமாப்பா என்று ராஜமேரி கேட்டாள். போன தடவை போனபோது அவள் எந்தக் கோலத்தில் திரும்பி வந்தாள் என்று உனக்குத் தெரியும். நான் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். உன் பேக்டரித் தண்ணி எந்த ஊர்க் கிணற்றுக்குப் போகிறது என்று ஒருநாள் விசாரித்துப் பார், அங்கேயும் என்னைப் போல ஒருத்தன் டீ குடித்துக்கொண்டிருப்பான்.

உன் கேள்விக்கு வருகிறேன். வூட்டுக்கே வந்துரச் சொல்லி எழுதுங்க, புள்ள ஊர்ச் சோறு தின்னு எத்தினி வருசமாச்சு என்கிறாள் உன் அம்மா. நீ வந்து படுக்க உள்ளறைக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டாள். அவள் ஆசையை எழுதிவிட்டேன், நீயும் யோசித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. ஆரோக்கிய மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக. ராஜமேரிக்கு ஒரு வரி தனியாக எழுது, இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

இப்படிக்கு
உன் அப்பா
கஸ்பார்

இதுவரை உன் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இனிமேல் எழுதுவது அவளுக்குத் தெரியாது. குடிக்கிற தண்ணிக்கு அவள் இப்போது மில் வாசல் குழாயில்தான் வரிசையில் நிற்கிறாள். நம் கிணற்றுத் தண்ணியை மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அதைப் பாய்ச்சிய இடமெல்லாம் மிளகாய் நாற்று கருகிவிட்டது. நீ வந்து பயிர் வைக்க இங்கே ஒன்றும் இல்லை. வேலையை விடாதே. வராதேப்பா.