அத்திமரம் கணக்கில் வராதாம்

வெஸ்ட்மார்ஷ், ஒண்டாரியோ
ஜூன் 12, 2016

என் கண்ணு ஓர்னெல்லாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். அப்பாவும் இருக்கிற நிலைமைக்கு நலம். போனில் பேசினால் "அம்மா, மீட்டிங் இருக்கு" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயிறு எரிகிறது. அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டுமானால் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்வுப் பாதை கட்டுங்கள் என்று பராமரிப்பு இல்லத்தில் சொன்னார்கள் அல்லவா? சரி, நியாயம்தான். முன்வாசல் படி நேரே நடைபாதையில் இறங்குகிறது, அங்கே இடமில்லை. பின்வாசலில்தான் கட்ட முடியும். பின்வாசலுக்கு நேர் எதிரே அந்த மேப்பிள் மரம் நிற்கிறது. பக்கத்து வீட்டு மிம்மோ அண்ணன் ரம்பத்தோடு வந்துவிட்டார். அதற்குள் எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "ஐயையோ, உங்க சொந்த இடத்து மரம்னாலும் நகராட்சி அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுங்க, கோர்ட்டுக்கு இழுத்துடுவாங்க!"

என் மரம். என் கணவர் சம்பாதித்த மண். ஆனாலும் போனேன். அடிமரம் ஓர் அளவுக்கு மேல் பருத்துவிட்டால் அது நகராட்சியின் பாதுகாப்பில் வந்துவிடுமாம். கவுண்டரில் இருந்த பையன் கேட்டான், "மரத்துக்கு என்ன நோய்?"

"மரத்துக்கு ஒரு நோயும் இல்லப்பா. என் வீட்டுக்காரருக்குத்தான் நோய்."

"அதை எழுத இந்த ஃபாரத்துல இடம் இல்லையேம்மா."

நீயே சொல், இது என்ன ஊர்? மர வைத்தியர் ஒருவரைக் கூட்டிவந்து அறிக்கை வாங்க வேண்டுமாம். மனுஷனுக்குப் பக்கவாதம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் காட்டினேன், திருப்பிக் கொடுத்துவிட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாஸ்தாவை டப்பாவிலிருந்து சாப்பிடாதே.

உன் அம்மா
அசுந்தா


ஹாலிஃபாக்ஸ்
ஜூன் 27

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பையன் மேல் தப்பில்லை. நான் வேலை பார்க்கிற அமைப்பே இந்த மாதிரிச் சட்டம் எல்லா ஊரிலும் வேண்டும் என்று கத்திக்கொண்டிருக்கிறது. அவரவர் இடம் என்று அவரவர் வெட்டிக்கொண்டே போனால் ஊர் மொட்டையாகிவிடும். போன கோடையில் வெயிலில் எத்தனை வயதானவர்கள் மயங்கி விழுந்தார்கள், நீயே பார்த்தாய். ஒன்றை வெட்டினால் இரண்டை நடு என்கிறார்கள். கேட்கக் கூடாததையா கேட்கிறார்கள்?

விண்ணப்பத்தை எனக்கு அனுப்பு, நான் நிரப்பித் தருகிறேன். ஆனால் அவசரப்படாதே. அப்பாவுக்கு அங்கே நல்ல கவனிப்பு இருக்கிறது. நேரத்துக்கு மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு. கொஞ்சம் பொறு.

அன்புடன்,
ஓர்னெல்லா


வெஸ்ட்மார்ஷ்
செப்டம்பர் 20

அன்பு மகளுக்கு,

ஒருவழியாக அனுமதி வந்தது, மேப்பிளும் போனது. நீ நிரப்பிய விண்ணப்பத்தால்தான் வந்தது என்று மிம்மோ அண்ணன் சொல்கிறார். இருக்கட்டும், நன்றி. ஆனால் இன்னொரு முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள். பதிலுக்கு இரண்டு மரம் நட்டு, அதை இன்ஸ்பெக்டர் வந்து கண்ணால் பார்த்த பிறகுதான் சாய்வுப் பாதை கட்ட விடுவார்களாம். என்ன, மரம் நடுவது நமக்குத் தெரியாதா? மிம்மோ அண்ணன் தன் தோட்டத்திலிருந்து ஆள் உயர அத்தி இரண்டை வேரோடு தோண்டிக் கொடுத்தார். வெயில் படும் சுவரோரமாக வைத்திருக்கிறேன். இலை வாடவே இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். வாய் ஒரு பக்கம் கோணினாலும் பேச்சு இப்போது நன்றாகப் புரிகிறது. "கறுப்பு அத்தியா, வெள்ளையா?" என்றுதான் முதலில் கேட்டார். கறுப்பு என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அசுந்தா, இங்க எல்லாரும் என்னைக் குழந்தைகிட்ட பேசற மாதிரியே பேசறாங்க. எப்பக் கூட்டிட்டுப் போவே?" என்றார். நான் வெளியே வந்து அழுதேன்.

இன்ஸ்பெக்டரை வரச் சொல்லிப் போன் செய்துவிட்டேன். வருவாராம்.

அம்மா


ஹாலிஃபாக்ஸ்
அக்டோபர் 5

அம்மா,

அத்தியா? அனுமதிக் கடிதத்தின் பின்பக்கத்தில் எந்தெந்த மரம் நடலாம் என்று போட்டிருப்பார்களே, பார்த்தாயா? பெரும்பாலும் ஓக், லிண்டன் மாதிரி இந்த மண்ணின் நிழல் மரங்களாகத்தான் இருக்கும். அத்தியை ஏற்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் வரும்வரை பொறு. பதற்றப்படாதே.

ஓர்னெல்லா


வெஸ்ட்மார்ஷ்
நவம்பர் 19

ஓர்னெல்லா,

பொறு, பொறு என்றாய். பொறுத்தேன். செப்டம்பரிலேயே நான் கூப்பிட்ட இன்ஸ்பெக்டர் நேற்றுத்தான் வந்தான். டெரிக் என்று பெயர், கழுத்தில் அட்டை, கையில் காகிதம் செருகிய எழுதுபலகை. அதற்குள் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. பனி விழுந்தால் நம் இத்தாலி ஆட்கள் என்ன செய்வோம்? அத்தியின் கிளைகளைச் சேர்த்துக் கட்டி, ஒரு பக்கத்து வேரை அறுத்து, மரத்தைக் குழிக்குள் சாய்த்து, மேலே பலகையும் சருகும் மண்ணும் போட்டு மூடுவோம். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நானும் மிம்மோ அண்ணனும் போன வாரமே மூடிவிட்டோம்.

அவன் பின்பக்கம் போனான். நீளமாக இரண்டு மண்மேடு. ஆளைப் புதைத்த மாதிரிதான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"அம்மா... இங்க என்ன புதைச்சிருக்கீங்க?"

"மரம்."

"மரத்தையா?"

"அத்திமரம்ப்பா. குளிருக்குப் படுத்துத் தூங்குது. ஏப்ரல்ல எழுப்புவோம்."

என்னை ஒரு பார்வை பார்த்தான் பார், புத்தி பிசகிவிட்டது என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய கிழவி என்று நினைத்துவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மிம்மோ அண்ணன் கத்தினார், "ஏம்ப்பா, நீ குளிருக்குப் போர்த்திக்க மாட்டியா? மரம்னா மட்டும் அம்மணமா நிக்கணுமா?"

"தோண்டிக் காட்டுங்க, பார்த்துட்டு எழுதிக்கறேன்" என்றான். இந்தக் குளிரில் தோண்டினால் மரம் செத்துப்போகும் என்றேன். "அப்ப மரம் இல்லைன்னுதான் எழுத முடியும். அதோட அத்தி எங்க பட்டியல்லயே இல்லம்மா. அது கணக்குல வராது."

கணக்கில் வராதாம்! காய்க்கிற மரம் கணக்கில் வராது. ஏன் என்றால் அது இந்த மண்ணின் மரம் இல்லையாம். நானும்தான் இந்த மண்ணின் மரம் இல்லை, ஐம்பது வருஷமாக என்னிடம் வரி வாங்குகிறார்களே, அது மட்டும் கணக்கில் வருமா? இதை அவன் முகத்துக்கு நேரே கேட்டேன். பலகையில் எதையோ கிறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

சாய்வுப் பாதைக்கு அனுமதி இல்லை. அப்பாவிடம் என்ன சொல்வேன்?

அம்மா


ஹாலிஃபாக்ஸ்
நவம்பர் 28

அன்புள்ள அம்மா,

பாவம் நீ. ஆனால் பட்டியலைப் பார் என்று நான் அப்போதே எழுதினேன். சண்டை போட்டுப் பயனில்லை. வசந்தம் வந்ததும் ஓக் கன்று இரண்டு வாங்கி அனுப்புகிறேன், மே மாதம் நட்டுவிடு. கோடைக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதுவரை அப்பா அங்கேயே இருக்கட்டும். ஒரு விதத்தில் இதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றுகிறது.

ஓர்னெல்லா


வெஸ்ட்மார்ஷ்
டிசம்பர் 4

ஓர்னெல்லா,

எது நல்லதுக்கு? யாருக்கு நல்லதுக்கு?

உன் கடிதம் எல்லாவற்றையும் மேஜை மேல் பரப்பி வைத்துப் படித்தேன். ஜூனில் பொறு. அக்டோபரில் பொறு. இப்போது மே மாதம் வரை பொறு. அப்பா எப்போது வருவார் என்று ஒரு கடிதத்திலாவது கேட்டிருக்கிறாயா? ஓக், லிண்டன் என்று எழுதத் தெரிகிறது. நகராட்சிக்காரனாவது அவன் பட்டியலுக்காக நிறுத்துகிறான், அது அவன் பிழைப்பு. நீ எதற்காகடி நிறுத்துகிறாய்?

அப்பா வீட்டுக்கு வருவது உனக்குப் பிடிக்கவில்லை. அதை வாயைத் திறந்து சொல். மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே, அந்த மரத்தைத்தான் வெட்டியாகிவிட்டதே.

அசுந்தா


ஹாலிஃபாக்ஸ்
டிசம்பர் 10

அம்மா,

ஆமாம். பிடிக்கவில்லை.

போன குளிர்காலத்தில் நீ குளியலறையில் வழுக்கி விழுந்தாய். என்னிடம் மறைத்தாய். மிம்மோ மாமாதான் சொன்னார். உனக்கு எழுபத்தொரு வயது. அப்பா உன்னைவிட இரு மடங்கு கனம். அவரைத் தூக்கப் போய் நீ விழுந்தால் நான் என்ன செய்வேன்? அடுத்த விமானத்தைப் பிடித்து வருவதற்குள் இரண்டு பேரும் தரையில் கிடப்பீர்கள். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் எனக்கு அந்த நினைப்புத்தான். அதனால் நகராட்சி தாமதம் செய்யச் செய்ய எனக்கு நிம்மதியாக இருந்தது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் இல்லத்து மேனேஜரிடம் பேசினேன். சாய்வுப் பாதை இருந்தால் நல்லது என்பது அவர்கள் யோசனைதானாம், கட்டாயம் இல்லையாம். அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. அவரே "நான் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் யாரும் தடுக்க முடியாதாம். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். இனி உன் இஷ்டம்.

ஓர்னெல்லா


வெஸ்ட்மார்ஷ்
டிசம்பர் 19

ஓர்னெல்லா,

ஒரு மாதம். ஒரு மாதம் அதை மடியில் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய். கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். கத்தரிக்காய் கரிந்துபோயிற்று. உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுத மாட்டேன், மிம்மோ அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டார், போதும்.

மறுநாள் காலையில் இல்லத்துக்குப் போனேன். மேனேஜரையும் நர்ஸையும் கட்டில் அருகே கூட்டிவந்து, "அவரையே கேளுங்க" என்றேன். இத்தனை மாதத்தில் ஒருவருக்கும் அவரைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. நர்ஸ் குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல, "வீட்டுக்குப் போக ஆசையா இருக்கா?" என்றாள்.

உன் அப்பா சொன்னார்: "ஆசை இல்ல. முடிவு. இந்த சூப்பை நாய்கூடக் குடிக்காது. என் பேன்ட்டை எடு."

சனிக்கிழமை கூட்டிவந்துவிட்டேன். பின்வாசலில் பாதை இல்லாவிட்டால் என்ன, முன்வாசலில் படி இருக்கிறதே. அவரைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டால் கட்டி, மிம்மோ அண்ணனும் அவர் மருமகனும் தெருக்கோடி ரொட்டிக் கடைக்காரரும் எதிர்வீட்டுப் பெண்ணும் ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்துத் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து டெரிக் வந்து நிற்கிறான், கையில் மரம் நடவில்லை என்று ஒரு நோட்டீஸ்! "பலகையைக் கீழ வச்சிட்டு ஒரு கை குடுப்பா" என்று மிம்மோ அண்ணன் சத்தம் போட்டார். "எனக்கு அதுக்கு அனுமதி இல்லீங்க" என்றான். ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டான். கதவு பிடிக்க மட்டும் அனுமதி இருந்தது போலிருக்கிறது. அப்பா உள்ளே போகும்போது அவனைப் பார்த்து, "என் அத்தி மேல கால் வச்சேன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான்" என்றார். ஓக் கன்றை மே மாதம் நடுவேன் என்று அவன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நடுவேன். அத்தியை எடுக்க மாட்டேன்.

நான் விழுந்ததை உன்னிடம் மறைத்தது தப்புத்தான். நீ பயந்ததும் தப்பில்லை. ஆனால் ஒரு மாதம் அந்த மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்ததை நான் சுலபத்தில் மறக்க மாட்டேன், அதையும் தெரிந்துகொள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா என்று கேட்கப் போவதில்லை. உன் அறையில்தான் அவர் கட்டிலைப் போட்டிருக்கிறேன். உன் புத்தகமெல்லாம் நிலவறையில் இருக்கிறது. ஹாலில் சோபா காலியாக இருக்கிறது. ராத்திரியில் அவரை இரண்டு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு தடவை நான் எழுந்துகொள்கிறேன். இன்னொரு தடவை நீ.

அம்மா