நான் ஏறிப் பார்க்காத மாடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறையில்லை, உங்கள் மூவருக்கும் அப்படியே இருக்கட்டும். அங்கே குளிர் அதிகம் என்றாய், குழந்தையின் காதை மூடி அனுப்பு. போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

கடைவீதி முனையில் பூட்டிக் கிடந்ததே பழைய மாடிக் கட்டடம், அதை ஊர்க்காரர்கள் சேர்ந்து பழுதுபார்த்தார்கள், அது திறந்தால் வீதிக்கே உயிர் வரும் என்று. வேலை நடந்தபோது அதைக் கவனித்த எஞ்சினியர் பெண், உன் வயதுதான், நம் வீட்டுக்கு வந்தாள். பதினாறு வருடத்துக்கு முன் நகராட்சியில் எஞ்சினியராக இருந்தபோது நான் எழுதிய அறிக்கை அவள் கையில். மேல்தளம் ஆபத்து, கட்டடத்தில் ஆள் இருக்கத் தகுதியில்லை என்று எழுதி, கீழே என் கையெழுத்து. "உத்தரமெல்லாம் கல்லு மாதிரி இருக்கு சார், அப்ப நீங்க எதைப் பார்த்தீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அப்போது ஒழுகல் இருந்தது என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் அதை நம்பி நோட்டில் குறித்துக்கொண்டாள், அதுதான் என்னைக் கொன்றது. உண்மை என்னவென்றால் நான் மேலே ஏறவே இல்லையம்மா. படிக்கட்டு இருட்டு, வௌவால் நாற்றம், ஆபீஸில் குவிந்த வேலை வேறு, தெருவில் நின்றபடி உதிர்ந்த காரையைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுவாரமே கீழே இருந்த தையல் கடையையும் பேப்பர் கடையையும் காலி செய்யவைத்து சீல் வைத்தார்கள். ஜனம் வருவது நின்றது, பக்கத்துக் கடைகளும் ஒவ்வொன்றாய் ஷட்டரை இறக்கின. கட்டடத்துக்கு வயசாகிவிட்டது என்று ஊரே சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, சொல்ல வேண்டியவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனேன். அந்தத் தையல்காரர் தன் பழைய கடையில் மேஜை போட இடம் அளந்துகொண்டிருந்தார், இத்தனை வருடமும் வீட்டு வாசலில் கிழிசல் தைத்தே காலம் தள்ளியவர். அவரையும் அந்தப் பெண்ணையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் நோட்டைத் திறந்து ஒழுகல் என்று குறித்த வரியை அடித்தாள். அவர், "நான் என் ராசியைத் திட்டிக்கிட்டு இருந்தேனே சார்" என்றார், அவ்வளவுதான், திரும்பவும் அளக்கப் போய்விட்டார். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடை திறந்து பத்து நாள் ஆகிறது, மாலையில் வீதியில் கூட்டம் தெரிகிறது. பேப்பர் கடைக்காரர் மட்டும் வரவில்லை, எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. தையல் கடைக்குப் போகக் கூசி என் சட்டைத்துணியை அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். "அவரையே வரச் சொல்லுங்கம்மா, ஆளைப் பார்க்காம எப்படி அளவெடுக்கிறது?" என்றாராம். நாளைக் காலையில் போகிறேன்.

தாத்தா பெரிய எஞ்சினியர் என்று குழந்தையிடம் சொல்லிவைத்திருக்கிறாய், விவரம் தெரிந்த பிறகு இதையும் சொல். மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, நோய்நொடி இல்லாமல் இருங்கள். குழந்தையின் தடுப்பூசித் தேதியை மறந்துவிடாதே. படித்துவிட்டு உடனே போன் பண்ண வேண்டாம், இரண்டு நாள் கழித்துப் பண்ணு.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் கூசும் அப்பா