காலையில் அடித்த மருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

மகாராணி வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போடி விடுதியில் நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று வகுப்பில் அனுப்பிரியா டீச்சர், ஏலப் பூ ஒரு நாள்தான் இருக்கும், காலையில் தேனீ வந்தால்தான் அது காயாகும் என்றார். இயற்கை நெடுங்காலமாகச் சேர்த்து வைத்த பூவையும் தேனீயையும் மனிதர்கள் நாம் ஒரே காலையில் மருந்தடித்துப் பிரித்துவிடுகிறோம் என்றும் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த முனீஸ்வரி, "ஏண்டி ஏலக்காய்க்காரி, பூவுக்குப் போயா அழுகுற?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

நம் ஏலத் தோட்டத்தில் நீங்கள் எப்போதும் சாயங்காலம்தான் பூச்சிமருந்து அடிப்பீர்கள். லீவு முடிந்து நீங்கள் என்னை விடுதியில் விட வந்த ஞாயிறன்று, "வெரசா அடிச்சு முடிங்கப்பா, ஜீப்பு போயிரும்" என்று காலையிலேயே அடிக்க வைத்தேன். செடியடியில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. "மழைக்கு விழுந்திருக்கும் ஆத்தா" என்றீர்கள். மருந்தால்தான் செத்தன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூத்தும் காய் பிடிக்கவில்லை என்று அம்மா எழுதியிருப்பது என்னால்தான். மன்னித்துவிடுங்கள்.

இன்னமும் ஞாயிறுகளில் என்னைப் பார்க்க வருவதற்காகத்தானே காலையிலேயே அடித்துவிட்டு மலையிலிருந்து இறங்குகிறீர்கள்?

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அதோடு அம்மாவின் பழைய போர்வையையும் ஜீப்பு ஓட்டும் லிங்கேஸ்வரன் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். போர்வையைத் துவைக்க வேண்டாம்.

கடிதம் வாங்க வந்த அண்ணன் ஹாரன் அடிக்கிறார். மருந்தடிக்கும் ஞாயிறுகளில் இங்கே வராதீர்கள் அப்பா. சாயங்காலமே அடியுங்கள். நான் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் மகள்,
மகாராணி